ஜிப்சம் பலகையும் துறைமுகப் பட்டினத்து வீடும்



திருகோணமலைத் துறைமுகத்திற்குள் வரும் சரக்குக் கப்பல்களிற் சில, பார்வைக்கு யாதொரு கவர்ச்சியுமற்ற ஒரு கல்லை ஏற்றி வருவதுண்டு. மங்கிய வெண்ணிறம், நகத்தாற் கீறினாலே தடம் விழும் மென்மை. 1982ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை இத்துறைமுகக் கரையிலேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் கிளிங்கர் என்னும் சுட்ட கட்டிகளோடு, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரையில் இந்தக் கல்லையும் சேர்த்து அரைத்தாற்றான் நாம் மூட்டையாக வாங்கும் சீமெந்து கிடைக்கிறது. சேர்க்காது விட்டால் என்ன நேரும்? தண்ணீர் பட்ட சில நிமிஷங்களிலேயே சீமெந்து இறுகிவிடும். மேசன் கரண்டியில் அள்ளிச் சுவரில் வைப்பதற்கு முன்னரே சாந்து கட்டிபட்டுப் போகும். அவ்வாறு சீமெந்தின் அவசரத்தை அடக்கி வைக்கும் இக்கல்லின் பெயர் ஜிப்சம். நம் சித்த வைத்தியர்கள் இதன் ஒரு வகையைக் கற்பூரச் சிலாசத்து என வழங்குவர்.

சீமெந்துக்குள் அடங்கியொடுங்கிக் கிடக்கும் இந்தக் கல்லே, இன்று தனக்கென ஓர் உருவமெடுத்து, இரண்டு கடதாசிகளுக்கு நடுவே பலகையாகி, நம் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் உட்சுவராகவும் சீலிங்காகவும் வந்து நிற்கிறது. கடைகளில் இதனை ‘ஜிப்சம் போட்’ என்பார்கள். சாந்து குழைக்காமல், தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்த நிலையிலேயே எழுப்பப்படுவதால் இச்சுவருக்கு உலர்சுவர் என்று பெயர். உப்பங்காற்றும் மாரிமழையும் உள்ள நம் கரையோர நகரத்தில் இப்பலகை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, எந்த அறைக்கு எந்த வகையை வாங்க வேண்டும் என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை.

முதலில் இக்கல்லின் இயல்பை அறிந்துகொள்வோம். அதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தியிலே பாய்ச்சிய கடல்நீர் வெயிலிற் சுண்டிக்கொண்டே வரும்போது அதில் முதலிற் படிவது நாம் சாப்பிடும் உப்பன்று. நீர் தன் பழைய கன அளவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகக் குறையும் வேளையில் ஜிப்சம் படியத் தொடங்குகிறது. பத்திலொரு பங்காகச் சுண்டிய பின்னரே கறியுப்பு மணி கட்டுகிறது. ஆகையினாலேதான் உப்பளங்களில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் செலுத்துகிறார்கள். ஜிப்சம் முந்திய பாத்திகளிலே தங்கிவிட, ஓரளவு தூய உப்பு கடைசிப் பாத்தியில் விளைகிறது. உலகெங்கும் உள்ள பெரிய ஜிப்சப் படிவுகளிற் பல, பண்டைக்காலத்துக் கடல்களும் உப்பேரிகளும் இவ்வாறே வற்றிப்போனதால் உண்டானவை. தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை ஆகிய ஊர்களை அடுத்த நிலத்தில் களிமண்ணுக்கிடையே ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடிக் கிடப்பதைக் காணலாம். அந்நாட்டு நிலக்கடலைப் பயிர்ச் செய்கையாளர்கள் பூவிட்டு விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சத்தை வயலுக்கு இடுவார்கள். நாம் கச்சான் என்று சொல்லும் அந்தக் கடலையின் பருப்புத் திரள்வதற்கு அது உதவுகிறது.

இரசாயனப் பெயர் சொல்வதானால் ஜிப்சம் என்பது நீரேறிய கல்சியம் சல்பேற்று. ‘நீரேறிய’ என்ற சொல்லைச் சற்றே கவனிக்க வேண்டும். கையிலெடுத்தால் எலும்பு போல உலர்ந்திருக்கும் இக்கல்லின் எடையில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு தண்ணீர்! அது ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரன்று. பளிங்கின் கட்டமைப்பிலேயே பிணைந்து கிடப்பது. ஜிப்சத்தைப் பொடியாக்கி ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வறுத்தால் அந்த நீரில் முக்காற் பங்கு ஆவியாகிப் போகிறது. எஞ்சும் மாவே பாரிஸ் சாந்து. அந்த மாவிலே மீண்டும் தண்ணீரை ஊற்றினால், இழந்த நீரைத் திரும்பவும் பற்றிக்கொண்டு, சில நிமிஷங்களில் பழையபடி கல்லாகிறது. எலும்பு முறிந்தவர்களுக்கு வைத்தியசாலையிற் போடும் மாக்கட்டும் சிற்பிகள் வார்க்கும் அச்சும் இந்த ஓர் இயல்பைக் கொண்டே நடைபெறுகின்றன.

பாரிஸ் நகரத்தின் பெயர் இதற்கு வந்த காரணம், அந்நகரின் மொன்மார்த்ர் குன்றிலே ஜிப்சம் ஏராளமாக வெட்டியெடுக்கப்பட்டமைதான். 1666ஆம் ஆண்டிலே லண்டன் மாநகரம் தீக்கிரையானது. மறு ஆண்டிலேயே பிரெஞ்சு மன்னர், பாரிஸிலுள்ள மரவீடுகளின் சுவர்களைச் சாந்து பூசி மூட வேண்டும் என ஆணை பிறப்பித்தார். தீயை இச்சாந்து தடுக்கும் என்பதை அக்காலத்து மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஏன் தடுக்கிறது என்பதை அறிந்திலர். ஒரு நூற்றாண்டு கழிந்து, 1765ஆம் ஆண்டிலே லவோசியே என்னும் இளம் விஞ்ஞானி பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் படித்த முதற் கட்டுரை ஜிப்சத்தைப் பற்றியதே. சாந்து இறுகுவது இழந்த நீரை மீட்டுக்கொள்வதனாலேதான் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஒட்சிசனை ஆராய்ந்து நவீன இரசாயனத்திற்கே அடிகோலிய அப்பெரியார் சுவர்ப் பூச்சிலிருந்து தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பது, கட்டடத் தொழிலைத் தாழ்வாகக் கருதுவோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

சாந்தைச் சுவரிலே பூசுவதற்குத் தேர்ந்த கையும் நாட்கணக்கான நேரமும் வேண்டும். அதனைத் தொழிற்சாலையிலேயே தகடாக வார்த்து அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அமெரிக்கரான ஒகஸ்ரின் சக்கெற் என்பவருக்கு உதித்தது. 1894இல் அவர் தம் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். கடதாசியும் சாந்தும் மாறி மாறி அடுக்கிய தட்டு அது. பிற்காலத்திலே, நடுவிற் சாந்து, இருமுகமும் தடித்த கடதாசி என்ற இன்றைய எளிய வடிவம் நிலைபெற்றது. நெடுகிலும் ஓடிக்கொண்டிருக்கும் கடதாசியின் மேல் குழைத்த ஜிப்சத்தை நுரை கலந்து ஊற்றி, மேலே மற்றொரு கடதாசியைப் போர்த்தி, இறுகியதும் வெட்டிச் சூளையில் உலர்த்துகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே, பூச்சுவேலைக்கு ஆள் அகப்படாத நெருக்கடியில், இப்பலகை அமெரிக்காவெங்கும் பரவியது. நம் நாட்டிலும் பலர் இன்று இதனை நாடுவது வேலை விரைவாக முடிகிறது என்பதற்காகவே.

விரைவு மாத்திரமன்று, பாரமும் ஒரு காரணம். இருபுறமும் பூசிய அரைக்கல் கனச் செங்கற் சுவர் ஒரு சதுர மீற்றருக்கு இருநூறு கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். இரும்புச் சட்டத்தின் இரு பக்கமும் 12.5 மில்லிமீற்றர் கனப் பலகை அடித்த உலர்சுவரோ ஏறக்குறைய அதிற் பத்திலொரு பங்குதான். மேல்மாடியில் ஓர் அறையை இரண்டாகப் பிரிக்க எண்ணுபவர், கீழே தாங்கிநிற்கும் கொங்கிறீற்றுத் தட்டைப் பற்றி அஞ்ச வேண்டிய அளவு இதனாற் குறைகிறது. அன்றியும், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கும் பக்கங்களில் ஆற்றுமணல் அகழ்வதனால் கரை அரிக்கப்படுவதைப் பற்றிய கவலை நாம் அறிந்ததே. உலர்சுவருக்கு மணலும் வேண்டா, கட்டிய சுவரை நனைக்கும் நீரும் வேண்டா. கிணறுகள் உவர்த்துப்போகும் கச்சான் காற்றுக் காலத்திலே இதுவும் சிறிய இலாபமன்று.

இனித் தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடையில் ஐந்திலொரு பங்கு நீர் என்றேன் அல்லவா? 12.5 மில்லிமீற்றர் கனமுள்ள சாதாரணப் பலகையின் ஒரு சதுர மீற்றருக்குள் ஒன்றரை லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கத்திலே தீ மூண்டதும் அந்த நீர் ஆவியாகி வெளியேறத் தொடங்குகிறது. தீயின் வெப்பம் அந்நீரை விரட்டுவதிலேயே செலவாகிவிடுகிறது. நீர் முழுவதும் தீரும்வரை பலகையின் மறுபக்கம் கொதிநீரின் சூட்டிற்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. உள்ளிருப்போர் எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற அந்தச் சில நிமிஷங்கள் போதுமானவையாக அமையலாம். நீர் தீர்ந்தபின் சாதாரணப் பலகை வெடித்து உதிரும். அவ்வாறு உதிராதிருக்கக் கண்ணாடி நார் கலந்து வார்க்கப்படுவதே தீத்தடுப்புப் பலகை. அமெரிக்க அளவையின்படி, 15.9 மில்லிமீற்றர் கனமுள்ள இவ்வகைப் பலகையை மரச்சட்டத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக அடித்த சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும்.

எனினும் ஒன்று சொல்வேன். நம் கடைத்தெருக்களிலே ஒரே நீண்ட கூரையின்கீழ் நாலைந்து கடைகள் ஒட்டி நிற்கும். தடுப்புச்சுவரைச் சீலிங் மட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சீலிங்குக்கு மேலே கூரைவெளி ஒன்றாகவே கிடக்கிறது. இந்தக் கடையில் மூண்ட தீ மேலேறி அந்தக் கடையில் இறங்கும்; நடுவிலே நிற்கும் விலையுயர்ந்த தீத்தடுப்புப் பலகை அதனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். தடுப்பு, கூரை வரையிலோ கொங்கிறீற்றுத் தட்டு வரையிலோ போக வேண்டும். மின்கம்பி போகும் துளைகளையும் அடைக்க வேண்டும். அப்போதுதான் கொடுத்த காசுக்குப் பயன்.

உள்ளிருக்கும் நீர் இவ்வாறு தீயிலிருந்து காக்கிறது. வெளியிலிருந்து வரும் நீரோ இதே பலகைக்கு முதற் பகை. சாதாரணப் பலகை நனைந்தால் உப்பும், நொய்ந்துபோகும், கடதாசி உரிந்து பூஞ்சணம் பிடிக்கும். திருகோணமலையில் ஐப்பசி பிறந்தால் தை வரையில் வாடைக்காற்று கொண்டுவரும் மழை. ஆண்டு முழுவதும் கடலின் ஈரக்காற்று. ஆகவே இங்கே பலகை வாங்குபவர் விலையைக் கேட்பதற்கு முன் தம் வீட்டிலே தண்ணீர் எந்தெந்த வழியாக வருகிறது என்பதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கூரை ஒழுக்கு, குளியலறைத் தெறிப்பு, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், வெள்ளம் என்னும் இவை ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

படுக்கையறை, முன்கூடம், அலுவலகம் முதலிய உலர்ந்த அறைகளுக்குச் சாதாரணப் பலகை போதும். முகப்புக் கடதாசி வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். 1200க்கு 2400 மில்லிமீற்றர், அதாவது நாலடிக்கு எட்டடி என்பது வழக்கமான அளவு, சுவருக்கு 12.5 மில்லிமீற்றரும், சீலிங்குக்கு 9 அல்லது 9.5 மில்லிமீற்றரும் பெரும்பாலும் எடுப்பார்கள். குசினிக்கும் கழிவறையின் வெளிப்புறச் சுவருக்கும் ஈரந்தாங்கும் பலகை வேண்டும். இதன் நடுச்சாந்திலே சிலிக்கோன் அல்லது மெழுகுவகை கலந்து, கடதாசியையும் நீரொட்டாதபடி பதப்படுத்தியிருப்பார்கள். பொதுவாகப் பச்சை நிறம். ஐரோப்பிய அளவையில் இவ்வகையின் உயர்ந்த தரம் இரண்டு மணி நேரம் நீரில் அமிழ்ந்து கிடந்தாலும் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது. ஆனால் ‘ஈரந்தாங்கும்’ என்பது ‘நீர்புகா’ என்பதன்று. நாள்தோறும் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளிக்கும் நம்மவர் குளியலறைக்கு உள்ளே பச்சைப் பலகையும் ஆகாது. அங்கே சீமெந்து நார்ப்பலகையோ செங்கல்லோதான் தகுதி.

தீத்தடுப்புப் பலகை பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறத்தில் வரும். குசினிக்கும் படுக்கையறைக்கும் இடையிலும், மாடிப்படியைச் சூழ்ந்தும் இதனை வைப்பது நன்று. நிறத்தை மாத்திரம் நம்பிவிட வேண்டாம். கம்பனிக்குக் கம்பனி நிறவழக்கு வேறுபடும்; பலகையின் பின்புறத்திலே அச்சிட்டிருக்கும் வகைப்பெயரையும் கனத்தையும் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். இவை தவிர, துளையிட்ட ஒலியடக்கும் பலகை மண்டபங்களுக்கும் ஒலிப்பதிவு அறைகளுக்கும் பயன்படுகிறது. ஈயத்தகடு ஒட்டிய பலகை வைத்தியசாலைகளின் எக்ஸ்கதிர் அறைக்கானது. வளைவான அலங்காரங்களுக்கு 6 மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய பலகை உண்டு. அலுவலகங்களிலே தலைக்குமேற் காணும் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத் தட்டுகளிற் பலவும் ஜிப்சத்தாலானவையே. முகத்திற் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருப்பார்கள். கடதாசிக்குப் பதிலாகக் கண்ணாடிநார்ப் பாய் போர்த்திய பலகை ஒன்றும் இருக்கிறது. நம் பிரதேசத்துக்கு அது கிடைக்குமாயின் மிக உகந்தது என்பது என் கருத்து. ஏனெனிற் பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் இரையாவது ஜிப்சமன்று. அதன்மேல் ஒட்டிய கடதாசியே. கண்ணாடி நாரைக் கறையான் தின்னாது.

வெள்ளத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்த நீரை நாம் மறந்துவிடவில்லை. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. ஊழிபோல் வரும் பேரலையின் முன் எந்தச் சுவரைப் பற்றிப் பேசுவதும் வீண். ஆயின் மாரியிலே முழங்காலளவு வெள்ளம் வந்து வடியும் தாழ்நிலங்கள் நம் மாவட்டத்தில் உண்டு. செங்கற் சுவரானால் வெள்ளம் வடிந்தபின் கழுவி உலரவிட்டு மீண்டும் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாம். ஜிப்சம் பலகை அவ்வாறு மீளாது. ஊறிய பகுதியையும், அதற்கு மேல் ஓரடி வரையிலும் வெட்டி எறிய வேண்டியதுதான். சுவருக்குள்ளே சிக்கிய ஈரம் வெளியே தெரியாமல் வாரக்கணக்கிற் பூஞ்சணத்தை வளர்க்கும். இழுப்பு நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டிலே அது பெருந்தீங்கு. எனவே, வெள்ளம் ஏறும் வளவிலுள்ள வீட்டின் கீழ்த்தளத்துக்கு ஜிப்சம் பலகை வேண்டாம் என்றே நான் சொல்வேன். வைத்தே தீர வேண்டுமாயின், தரையிலிருந்து நாலடி உயரம்வரை சீமெந்து நார்ப்பலகையும் அதற்கு மேலே ஜிப்சமுமாக அமைக்கலாம். இரண்டுக்கும் இடையே ஒரு மரப்பட்டியை ஓடவிட்டால் இணைப்பும் தெரியாது. பின்னொரு நாள் கீழ்ப்பகுதியை மாத்திரம் கழற்றவும் இலகுவாக இருக்கும்.

கூரையொழுக்கு இதைவிட அன்றாடமானது. ஓட்டுக்கூரை வீடுகளிலே குரங்குகள் பாய்ந்து ஓட்டைப் புரட்டிவிட்டுப் போவதைத் திருகோணமலைவாசிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓடு விலகியதை நாம் அறிவதற்கு முன் சீலிங் பலகை நனைந்துவிடும். பழுப்பு நிற வட்டம் ஒன்று தோன்றினால் உடனே மேலேறிப் பாருங்கள். வட்டத்தின்மேல் வர்ணம் அடித்து மறைப்பது, காய்ச்சற்காரனுக்குப் பவுடர் பூசுவதை ஒக்கும். நனைந்து தொய்ந்த சீலிங் பலகை நீரின் பாரத்தோடு திடீரென்று விழக்கூடியது. அதன்கீழே தொட்டிலோ கட்டிலோ கிடக்கலாகாது. கூரையைச் செப்பமிட்ட பிறகே சீலிங் அமைக்க வேண்டும் என்ற ஒழுங்கைப் பலர் தலைகீழாக்குகிறார்கள்.

சீலிங்கைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பொருளும் நினைவுக்கு வருகிறது. பழைய வீடுகளிலும் பாடசாலைகளிலும் அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தட்டுகளைச் சீலிங்காக அடித்திருப்பார்கள். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகாமையின் தீர்ப்பு. அத்தட்டுகளைக் கழற்றிவிட்டு ஜிப்சம் பலகை அடிக்கும் எண்ணம் நல்லதே; கழற்றும் முறையில்தான் ஆபத்து இருக்கிறது. உலர்ந்தபடி சுத்தியலால் அடித்து நொறுக்குவதும், வாளால் அறுப்பதும், பின்னர் விளக்குமாற்றாற் கூட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத நாரைக் காற்றிலே பரப்பும். தட்டை நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத்தட்டாகவே இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துப் பொதிந்து கட்ட வேண்டும். வேலை செய்பவர் மூக்கை மூடிக் கட்டும் கைக்குட்டை போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும். வீட்டாரும் பிள்ளைகளும் அப்போது அங்கே நிற்கக்கூடாது.

சுவரை எழுப்பும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரையிலும் மேற்றளத்திலும் நூலடித்து, துத்தநாகம் பூசிய தகரச் சட்டங்களை அக்கோட்டிற் பொருத்துவார்கள். அவற்றினிடையே நிமிர்ந்த சட்டங்களை 600 அல்லது 400 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். பலகையை அறுக்க வாள் தேவையில்லை. முகப்புக் கடதாசியைக் கத்தியாற் கீறி, பின்பக்கமாக மடக்கினால் நேராக முறியும். பிறகு பின்கடதாசியை வெட்ட வேண்டியதுதான். பலகையைத் தரையில் முட்டும்படி நிறுத்தாமல் அரை விரற்கடை, அதாவது ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். தரை கழுவும் நீரைப் பலகையின் வெட்டுவிளிம்பு திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும். அந்த இடைவெளியை அடிப்பட்டி மறைத்துவிடும். ஒரு பக்கத்து இணைப்பும் மறுபக்கத்து இணைப்பும் ஒரே சட்டத்தில் நேர்க்கு நேர் வரலாகாது.

திருகாணியின் தலை கடதாசியைச் சற்றே அமுக்கி நிற்க வேண்டும். கடதாசியைக் கிழித்து உள்ளே போய்விட்டால் அந்தத் திருகாணிக்குப் பிடிமானம் இல்லை. சாதாரணமாக விற்கும் கறுப்புத் திருகாணி உப்பங்காற்றிலே துருப்பிடித்து, ஒரு மாரி கழிவதற்குள் வர்ணத்தின்மேற் செம்புள்ளியாகத் தெரியும். கடலோர வீட்டுக்குத் துத்தநாகம் பூசிய திருகாணியைக் கேட்டு வாங்குக. தகரச் சட்டத்தை வெட்டிய விளிம்பிலும் பூச்சில்லாததனால் துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாக வர்ணம் ஒரு கை தடவிவிடுவது நன்று.

பலகைகள் சந்திக்கும் இடத்தில் பசை பூசி, காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் இன்னும் இருமுறை அகலமாகப் பசை தடவித் தேய்ப்பார்கள். பசையிலே இருவகை உண்டு. வாளியிலே குழைத்தபடி வருவது காற்றில் உலர்ந்து இறுகுவது. வாடைக்காலத்தில் இது ஒரு நாளில் உலராது, ஒப்பந்தக்காரர் பொறுக்கவும் மாட்டார். மாவாக வந்து தண்ணீரிற் குழைப்பதோ ஜிப்சத்தின் இயல்பினாலே தானாக இறுகும். மழைக்காலத்து முதற் பூச்சுக்கு அதுவே ஏற்றது. ஈரம் ஆறாத பசையின்மேல் மறுபூச்சுப் பூசிய சுவர், கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இணைப்புத்தோறும் வெடிக்கும். பலகையின் குற்றமென்று நாம் ஏசுகிற வெடிப்புகளிற் பெரும்பகுதி இவ்வாறு அவசரத்தால் வந்தவையே. தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கும் முகமூடி வேண்டும்.

‘தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கிறதே, இது ஒரு சுவரா?’ என்று முதியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. உள்ளே வெறுமையாக விட்ட சுவர், அடுத்த அறைப் பேச்சை ஏறக்குறைய அப்படியே கடத்தும். பாறையை உருக்கி நூற்ற றொக்வூல் என்னும் பஞ்சை நடுவிலே நிரப்பி, பக்கத்துக்கு இரண்டு பலகையாக அடித்து, விளிம்புகளை இடைவெளியின்றி அடைத்தால் செங்கற் சுவருக்கு இணையாக ஒலியைத் தடுக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துவோர் இந்தச் செலவைச் சுருக்கக் கூடாது. விருந்தினர் திரும்பி வருவதும் வராததும் பல சமயங்களில் அடுத்த அறைக் குறட்டையைப் பொறுத்திருக்கிறது.

இச்சுவரில் ஆணி அடித்துப் பாரம் தொங்கவிடலாமா என்பது அடுத்த கேள்வி. சிறு படம் தொங்கும். தொலைக்காட்சிப் பெட்டி, கைகழுவும் தொட்டி, புத்தக அலுமாரி, சுவாமித் தட்டு ஆகியவை தொங்கா. இவை எங்கே வரும் என்பதைப் பலகை அடிப்பதற்கு முன்னரே தீர்மானித்து, அவ்விடத்திற் சட்டங்களுக்கிடையே மரக்கட்டையோ ஒட்டுப்பலகையோ குறுக்காகப் பொருத்திவிட வேண்டும். வீட்டம்மாவைக் கலந்துகொள்ளாமல் இதைத் தீர்மானிப்பவர் பின்னாற் சுவரை வெட்ட நேரும். சுவாமித் தட்டிலே விளக்கு எரியுமாதலால், சுடர் முகப்புக் கடதாசிக்கும் வர்ணத்துக்கும் அண்மையில் நாள்தோறும் நில்லாதபடி ஓர் ஓட்டையோ பித்தளைத் தகட்டையோ பின்னால் வைப்பது நன்று. ஜிப்சம் தீயைத் தடுக்கும் என்று சொன்னேன். நாளாந்தச் சூட்டைப் பொறுக்கும் என்று சொல்லவில்லை. ஏறத்தாழ 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு ஓயாமற் பட்டுக்கொண்டிருந்தால் உள்ளே பிணைந்த நீர் சிறிது சிறிதாக வெளியேறி, பலகை மாவாகத் தளரும். அடுப்புக்கு நேர் பின்னே இப்பலகை ஆகாது என்பதும் இதனாலேயே.

வாங்கிய பலகையை வைத்திருப்பதிலும் கவனம் வேண்டும். சுவரிலே சாய்த்து வைத்தால் வளையும். வெறுந்தரையில் வைத்தால் ஈரம் ஏறும். சம உயரக் கட்டைகளை அடுக்கி அவற்றின்மேற் படுக்கையாக, ஓடொழுகாத இடத்தில் வைக்க வேண்டும். தூக்கிச் செல்லும்போது மாத்திரம் விளிம்பு நிமிர்ந்தபடி இருவராகப் பிடிக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் முறியும். லொறியிலிருந்து இறக்கும்போது விளிம்பு நசுங்கிய பலகைகளை அப்போதே ஒதுக்கித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வேலை முடிந்தபின் மிஞ்சும் துண்டுகளை என் செய்வது? குப்பைக் குழியிலே வாழைமட்டை, சோற்றுக்கழிவு முதலியவற்றோடு சேர்த்துப் புதைப்பது தவறு. காற்றுப் புகாத ஈரக் குழியிலே ஒருவகை நுண்ணுயிர்கள் ஜிப்சத்திலுள்ள சல்பேற்றைச் சிதைத்து, அழுகிய முட்டை மணமுள்ள ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கும். மூடிய குழியில் அது உயிருக்கே கேடு. துண்டுகளைப் பிற குப்பையோடு கலவாமல் தனியே சாக்கிற் கட்டி, மழைபடாமல் வைத்திருந்து, கட்டட இடிபாடுகளைப் பொறுப்பேற்கும் இடத்திற் கொடுக்க வேண்டும். வர்ணமோ மெழுகோ படாத சாதாரணப் பலகைத் துண்டானால், கடதாசியை உரித்து, உள்ளிருக்கும் சாந்தைப் பொடித்துத் தோட்டத்துக் கச்சான் பாத்தியிலே தூவிவிடலாம். பச்சைப் பலகையையும் இளஞ்சிவப்புப் பலகையையும் அவ்வாறு செய்ய வேண்டாம். அவற்றிற் கலந்திருக்கும் சிலிக்கோனும் கண்ணாடி நாரும் மண்ணுக்கு வேண்டாதவை.